அச்சுக்குள் என்ன நடக்கிறது? செராமிக் பவுடர் அழுத்தத்தில் இறுகும் விதம்

பெங்களூரு பீன்யாவிலும் அந்தப் பக்கம் ஓசூரிலும் செராமிக் வேலைக்கு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறைய பேர் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்தில் டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்தவர்கள். இரும்பு அவர்களுக்குப் பழக்கம். லேத், மில்லிங், வெல்டிங் எல்லாம் கை வந்த கலை. பவுடர் மட்டும் புதுசு. பிரஸ் பக்கத்தில் நின்ற சில நாட்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: “அண்ணா, டென்சிட்டி கம்மியா வருது, இன்னும் ரெண்டு டன் ஏத்தட்டுமா?”

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அந்த இரண்டு டன் அச்சுக்குள் போய் என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுகிறேன். மல்லேஸ்வரத்தில் இந்திய அறிவியல் கழகத்துக்கு எதிரே இருக்கும் பிஎச்இஎல் எலெக்ட்ரோபோர்சலின்ஸ் போன்ற இடங்களில் செய்யும் பெரிய மின்கம்ப இன்சுலேட்டர்கள் ஈரக் களிமண்ணிலிருந்து வருபவை. களிமண்ணில் தகடு தகடான துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருப்பதால் அது வளையும், நீளும். இங்கே நான் பேசுவது உலர்ந்த பவுடரைப் பற்றி. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) மாதிரியான பவுடரை டை என்று சொல்லும் எஃகு அச்சில் கொட்டி, மேலிருந்து பஞ்ச் என்ற எஃகுத் தண்டால் அழுத்தி வில்லையாகவோ குழாயாகவோ ஆக்கும் வேலை.

அழுத்தினால் துகள்கள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உலோகப் பவுடருக்கு அது ஓரளவு உண்மை. செராமிக்குக்கு இல்லை. இதை நம்ப வைக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் ஐஆர் ஸ்பெக்ட்ரம் எடுக்க பொட்டாசியம் புரோமைடு வில்லை செய்திருப்பார்கள். 13 மில்லிமீட்டர் டையில் கொஞ்சம் உப்பைப் போட்டு, கை பிரஸ்ஸில் 10 டன் வரை ஏற்றினால், வெளியே வருவது கண்ணாடி மாதிரி தெளிவான வில்லை. கணக்குப் போட்டால் அந்த அழுத்தம் ஏறக்குறைய 740 மெகாபாஸ்கல் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன் என்றால் ஏறக்குறைய 100 மெகாபாஸ்கல்). அதே டையில், அதே 10 டன்னில் அலுமினாவை வைத்துப் பாருங்கள். வெள்ளையாக, ஒளி புகாமல், விரலால் உடைத்துவிடக்கூடிய ஒரு வில்லைதான் கிடைக்கும். உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடம் இன்னும் காற்றுதான்.

வித்தியாசம் படிகத்தின் கடினத்தில் இருக்கிறது. பொட்டாசியம் புரோமைடு மென்மையான உப்பு. அழுத்தினால் அதன் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். துகள் உருமாறி இடைவெளிக்குள் வழிந்து அதை அடைத்துவிடும். அலுமினாவில் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு அப்படி வழுக்க விடாது. அதன் கடினம் 15,000 மெகாபாஸ்கலுக்கும் மேல். நாம் கொடுத்த 740 அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தொழிற்சாலையில் வழக்கமாகக் கொடுப்பது இன்னும் குறைவு, 50 முதல் 150 மெகாபாஸ்கல் வரை. அந்த அழுத்தத்தில் அலுமினா துகளின் உருவம் மாறுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

துகள் மாறவில்லை என்றால் வில்லை எப்படி இறுகுகிறது? இடைவெளி குறைகிறது, அவ்வளவுதான். துகள்கள் நகர்ந்து, திரும்பி, ஒன்றுக்கொன்று இன்னும் நெருக்கமாக உட்கார்கின்றன. இந்தத் தொழிலில் பாதிக் குழப்பம் இந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்காததால் வருவது.

நெருக்கமாக உட்கார்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்காக அடுக்கினால் அதிகபட்சம் இடத்தில் 74 சதவீதத்தை நிரப்பலாம். 1611-ல் கெப்ளர் ஊகித்துச் சொன்னது இது. தாமஸ் ஹேல்ஸ் நிரூபணத்தை அறிவித்தது 1998-ல்தான். ஒழுங்கில்லாமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதம் வரை போகும், அதற்கு மேல் நகராது. வேறு வேறு அளவுகளைக் கலந்தால் இன்னும் ஏறும். மூட்டை நிறைய கொண்டைக்கடலை இருந்தாலும் அதன் சந்துகளில் கடுகு இறங்கும் அல்லவா, அதே கணக்கு. அளவு மிகவும் வித்தியாசப்பட்ட இரண்டு வகைத் துகள்களைச் சரியான விகிதத்தில் சேர்த்தால் கொள்கையளவில் 87 சதவீதம் வரை நிரப்பலாம்.

உண்மையான அலுமினா பவுடர் இந்த எண்களின் பக்கத்தில்கூட வராது. துகள் அரை மைக்ரான் அளவில் இருக்கிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அந்த அளவுக்குச் சிறியதாகிவிட்டால் துகளின் எடையைவிடப் பக்கத்துத் துகள் அதை இழுக்கும் விசை பெரிது. கொட்டினால் உருண்டு போய் இடம் பிடிக்காது. தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக ஒரு கூடு கட்டிவிடும். டையில் சீராக வழிந்து நிரம்பவும் செய்யாது.

அதனால்தான் பவுடரை முதலில் குருணையாக்குகிறார்கள். பவுடரைத் தண்ணீரில் கலந்து, துகள்களைச் சேர்த்துப் பிடிக்க பாலிவினைல் ஆல்கஹால் மாதிரி ஒரு பைண்டரையும் (பசை), அதை இளக்க பாலிஎத்திலீன் கிளைக்காலையும் சேர்த்து, ஸ்பிரே டிரையரில் சூடான காற்றுக்குள் தெளிப்பார்கள். துளிகள் காற்றிலேயே காய்ந்து 50 முதல் 200 மைக்ரான் அளவில் உருண்டைகளாக விழும். கையில் எடுத்தால் மணலாக வழியும். தொழிற்சாலையில் பவுடர் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குருணையைத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இப்போது நம்மிடம் இரண்டு விதமான இடைவெளி இருக்கிறது. குருணைக்கும் குருணைக்கும் நடுவே பல பத்து மைக்ரான் அகலமுள்ள பெரிய சந்துகள். ஒவ்வொரு குருணைக்கு உள்ளேயும் துகளுக்குத் துகள் நடுவே, ஒரு மைக்ரானுக்கும் சின்னதான நுண்துளைகள். குருணைகள் டையில் ஏறக்குறைய 60 சதவீத இடத்தை நிரப்புகின்றன. குருணைக்குள் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். இரண்டையும் பெருக்கினால் 30 சதவீதம். டை நிரம்பியிருக்கும்போது அதில் உண்மையான அலுமினா அவ்வளவுதான். மீதி 70 சதவீதம் காற்றும் கொஞ்சம் பைண்டரும்.

பஞ்ச் இறங்கும்போது

ஆரம்பத்தில், ஒரு மெகாபாஸ்கலுக்கும் கீழே, குருணைகள் லேசாக நகர்ந்து இடம் மாறிக்கொள்கின்றன. அடர்த்தி பெரிதாக ஏறாது. இந்தக் கட்டம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டியதும் குருணைகள் தாங்க முடியாமல் உருமாறத் தொடங்கும். உருண்டை சப்பையாகும், பக்கத்துச் சந்துக்குள் பிதுங்கும். அலுமினா உருமாறாது என்று மேலே சொன்னேனே, இங்கே உருமாறுவது குருணை. அதைச் சேர்த்துப் பிடித்திருந்த பைண்டர் விட்டுக்கொடுக்க, உள்ளே உள்ள துகள்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு நகர்கின்றன. பெரிய சந்துகள் வேகமாக மறைகின்றன. வில்லையின் அடர்த்தி கூடுவதில் பெரும்பங்கு இந்தக் கட்டத்தில்தான்.

இது எந்த அழுத்தத்தில் தொடங்கும் என்பதைப் பைண்டர் தீர்மானிக்கிறது. பைண்டர் கெட்டியாக இருந்தால் குருணை முரண்டு பிடிக்கும். அதிக அழுத்தம் கொடுத்தும் சில குருணைகள் உடையாமல் அப்படியே நிற்கும். பைண்டர் ரொம்ப இளகியிருந்தால் பஞ்ச் முகத்தில் ஒட்டும். பாலிவினைல் ஆல்கஹாலுக்கு ஈரமே இளக்கி. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பெங்களூருவில் மார்ச் மாத மதிய வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும்போது ஒரு மாதிரியும், செப்டம்பர் மழையில் வேறு மாதிரியும் அதே பவுடர், அதே பிரஸ்ஸில் நடந்துகொள்வதற்குக் காரணம் இது. பவுடர் டிரம்மின் மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் கடுமையாகவே கண்டிப்பேன். அது சின்ன விஷயம் கிடையாது.

உடையாத குருணைகளைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? அவற்றின் நடுவே தங்கிவிடும் பெரிய சந்து, பிறகு சூளையில் சுட்டாலும் மூடாது. சுடும்போது அணுக்கள் நகர்ந்து நகர்ந்து துளைகளை அடைக்கின்றன. துகளைவிடச் சின்ன துளைகள் சுலபமாக மூடிவிடும். பல துகள்கள் சுற்றி நிற்கும் பெரிய துளை அப்படியே நிலைத்துவிடும். செராமிக் எப்போதும் தன்னிடமுள்ள மிகப் பெரிய குறையில்தான் உடைகிறது. 1921-ல் கிரிஃபித் காட்டிய விதிப்படி, குறையின் அளவு நான்கு மடங்கானால் வலிமை பாதியாகும். மொத்த அடர்த்தியை அளந்தால் இது தெரியவே தெரியாது. துளையே இல்லாத அலுமினாவின் அடர்த்தியில் 55 சதவீதம் என்று காட்டும் இரண்டு வில்லைகளில் ஒன்று நன்றாக இருக்கும், மற்றொன்றில் உடையாத குருணைகள் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது கட்டத்தில் பெரிய சந்துகள் தீர்ந்துபோகின்றன. இனி துகளுக்குத் துகள் நடுவேயுள்ள நுண்துளைகளைத்தான் குறைக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் வில்லையில் அரை மைக்ரான் துகள்கள் எட்டு லட்சம் கோடி அளவில் இருக்கும். ஒவ்வொன்றும் பல அண்டைத் துகள்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் உராய்வு. ஒரு துகள் நகர வேண்டுமென்றால் சுற்றியுள்ளவை வழிவிட வேண்டும், அவற்றுக்கு அவற்றைச் சுற்றியுள்ளவை. கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி இந்த உராய்வை வெல்லவே செலவாகிறது.

அதனால் இந்தக் கட்டத்தில் அடர்த்தி அழுத்தத்தின் லாகரிதத்தோடு ஏறுகிறது. ஒவ்வொரு தடவை அழுத்தத்தை இரட்டிப்பாக்கும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு கூடும். உதாரணத்துக்கு, 50 மெகாபாஸ்கலில் 53 சதவீதம் வந்தது என்று வையுங்கள். 100-ல் 55 வந்தால், 200-ல் 57-ஐ எதிர்பார்க்கலாம். முதல் 2 சதவீதத்துக்கு 50 மெகாபாஸ்கல் போதுமாக இருந்தது. அடுத்த 2 சதவீதத்துக்கு 100 வேண்டியிருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஹெக்கெல், கூப்பர்–ஈட்டன் என்று பலர் இந்த வளைவுக்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். தொடங்குபவர்களுக்கு லாகரித விதி போதும்.

சுவரோடு நடக்கும் சண்டை

பஞ்ச் கொடுக்கும் அழுத்தம் முழுசாக அடிவரை போய்ச் சேருவதில்லை. பவுடரை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் டை சுவரையும் தள்ளும். சுவரோடு உராயும். அந்த உராய்வு அழுத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1895-ல் ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியக் கிடங்குகளை ஆராய்ந்து, அடியில் உள்ள தானியம் மேலே உள்ள மொத்த எடையையும் உணர்வதில்லை, பெரும்பங்கைச் சுவரே தாங்கிக்கொள்கிறது என்று கண்டார். அதே கணிதம் நம் டைக்கும் பொருந்தும்.

எண்ணாகப் பார்ப்போம். சுவர் உராய்வுக் குணகம் 0.3 என்றும், மேலிருந்து வரும் அழுத்தத்தில் 0.4 பங்கு பக்கவாட்டில் திரும்புகிறது என்றும் வைத்துக்கொண்டால், விட்டமும் உயரமும் சமமான வில்லையில் அடிக்குப் போய்ச் சேர்வது 62 சதவீதம். உயரம் விட்டத்தைப் போல மூன்று மடங்கானால் 24 சதவீதம்தான். மேலே 100 கொடுத்தால் கீழே 24. எத்தனை டன் ஏற்றினாலும் இந்த விகிதம் மாறாது! மேல்பாகம் இன்னும் இறுகும், கீழ்ப்பாகம் பின்தங்கியே நிற்கும்.

இந்த ஏற்றத்தாழ்வு சூளையில்தான் கணக்குத் தீர்க்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையின் மேல்முனை 58 சதவீதமும் கீழ்முனை 52 சதவீதமும் இறுகியிருக்கிறது என்று வையுங்கள். அலுமினாவை 1,500 முதல் 1,650 டிகிரி செல்சியஸில் சுடும்போது இரண்டு முனைகளும் 98 சதவீத அடர்த்திக்குப் போகின்றன. ஆனால் குறைவாக இறுகிய முனை அதிகமாகச் சுருங்கியாக வேண்டும். மேல்முனை 42 மில்லிமீட்டருக்கு வரும், கீழ்முனை 40.5-க்கு. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். அதை வைரச் சக்கரத்தால் தேய்த்துச் சரிசெய்வதற்குள் அந்தப் பாகத்தின் லாபம் போய்விடும்.

மேலும் கீழும் இரண்டு பஞ்ச்சுகளால் அழுத்தினால் ஏற்றத்தாழ்வு குறையும். பலவீனமான இடம் நடுப்பகுதிக்கு நகரும், சுட்டபின் இடுப்பு ஒடுங்கும். டை சுவரில் ஸ்டியரிக் அமிலமோ சிங்க் ஸ்டியரேட்டோ மசகாகத் தடவினால் உராய்வு குறையும். உயரமான பாகம் என்றால், ஒரு பக்கத்திலிருந்து அழுத்தும் யோசனையையே விட்டுவிட்டு ஐசோஸ்டேட்டிக் பிரஸ்ஸுக்குப் போவதுதான் சரி என்பது என் கருத்து. ரப்பர் உறைக்குள் பவுடரை நிரப்பி, மூடி, தண்ணீர் அல்லது எண்ணெய் நிறைந்த கெட்டியான கலத்துக்குள் இறக்கி அழுத்தம் ஏற்றுவார்கள். பாஸ்கல் விதிப்படி எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம். இடையில் சுவரே இல்லாததால் உராய்வுச் சண்டையும் இல்லை. வழக்கமாக 100 முதல் 400 மெகாபாஸ்கல் வரை போகிறார்கள். கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருக்கும் நீரழுத்தம் ஏறக்குறைய 110 மெகாபாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கலத்தின் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று புரியும். வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளை அலுமினா இன்சுலேட்டர் இப்படி ரப்பர் அச்சில் அழுத்தப்பட்டு வருவதுதான்.

அழுத்தத்தை எடுக்கும்போது

நிறைய வில்லைகள் அழுத்தும்போது தப்பித்து, அழுத்தத்தை எடுக்கும்போது வீணாகின்றன. துகள்கள் உருமாறவில்லை, கொஞ்சம் மீள்தன்மையோடு அமுங்கித்தான் இருந்தன. பைண்டரும் அப்படித்தான். விட்டதும் வில்லை லேசாகப் பெருக்கும், பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வில்லையை வெளியே தள்ளும்போது டைக்குள் இருக்கும் பாதி இறுகியே நிற்க, வெளியே வந்த பாதி பெருக்கிறது. அந்த எல்லையில் இழுவிசை ஏற்பட்டு மேல்பாகம் மூடி மாதிரி கழன்று வரும், அல்லது குறுக்கே மெல்லிய விரிசல்கள் ஓடும். லேமினேஷன் என்று சொல்வது இதைத்தான்.

உள்ளே சிக்கிய காற்றும் இதில் சேர்ந்துகொள்ளும். 30 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்குப் போகும்போது, கொஞ்சமும் வெளியேறாவிட்டால், அந்தக் காற்று ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்துக்குப் போகும். வேகமாக அழுத்தினால் வெளியேற நேரம் இருக்காது. விட்டதும் அது விரியப் பார்க்கும். ஆகவே மெதுவாக அழுத்துவது, நடுவில் ஒரு தடவை லேசாக விட்டுக் காற்றைப் போகச் செய்வது, வெளியே தள்ளும்போது மேல் பஞ்ச்சால் சிறு அழுத்தம் வைத்திருப்பது இவையெல்லாம் பயன் தரும். அழுத்தம் கூடக் கூட இந்த மீள்விரிவும் கூடும். அடர்த்திக்காக ஏற்றிய டன், விரிசலாகத் திரும்பி வருவது இந்த வழியில்தான்.

சரி, மிக மிக அதிக அழுத்தத்துக்குப் போனால்? ஆயிரம் மெகாபாஸ்கலைத் தாண்டினால் எஃகு டையே தாங்காது, டங்ஸ்டன் கார்பைடு போன்றவை வேண்டும். உயர் அழுத்த இயற்பியலுக்காக 1946-ல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் திறந்துவிட்ட பாதை அது. அங்கே தொடுபுள்ளிகளில் உண்மையிலேயே பொருள் நொறுங்கும். துகள் உடைந்து அந்தச் சில்லுகள் நுண்துளைகளுக்குள் இறங்கும். நானோ பவுடர்களை இறுக்க இவ்வளவு அழுத்தம் கைகொடுக்கிறது. துகள் பத்து மடங்கு சிறுத்தால் அதே இடத்தில் ஆயிரம் மடங்கு துகள்கள், அத்தனை மடங்கு தொடுபுள்ளிகள். சாதாரண பிரஸ்ஸில் நானோ பவுடர் 50 சதவீதத்தை எட்டவே திணறும்.

அழுத்தத்தோடு சூட்டையும் சேர்த்தால் கதையே மாறுகிறது. கிராஃபைட் அச்சில் சூடாக வைத்து வெறும் 20 முதல் 40 மெகாபாஸ்கல் கொடுத்தாலே அலுமினா முழு அடர்த்தியை நெருங்கும். அந்தச் சூட்டில் அணுக்கள் நகரத் தொடங்கிவிடுவதுதான் காரணம். 2016-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டலின் குழு இன்னொரு வழியைக் காட்டியது. சில பொருள்களில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, சில நூறு மெகாபாஸ்கலில், 300 டிகிரிக்கும் கீழேயே இறுக வைக்கலாம். தொடுபுள்ளியில் கரையும் பொருள் பக்கத்துத் துளையில் போய்ப் படிகிறது.

நீங்களே அளந்து பார்க்க

இதெல்லாம் படித்தால் பாதிதான் மனதில் தங்கும். மீதி அளந்தால்தான். 20 மில்லிமீட்டர் டை ஒன்றும், ஒரு வெர்னியரும், நல்ல தராசும் போதும். 100 மெகாபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன். 20 மில்லிமீட்டர் டையின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர், ஆக 3.2 டன் வேண்டும். வெளியே வந்த வில்லை 5 மில்லிமீட்டர் தடிமனும் 3.5 கிராம் எடையும் இருந்தால், கன அளவு 1.57, அடர்த்தி 2.23. அலுமினாவின் முழு அடர்த்தி 3.98 என்பதால் 56 சதவீதம். பைண்டர் 3 சதவீதம் என்றால் அதைக் கழித்துவிட வேண்டும். அப்போது உண்மையான அளவு 54 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் நிறைய பேர்.

அரை டன்னில் ஒன்று, ஒரு டன்னில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொன்றாக அழுத்தி, அழுத்தத்தின் லாகரிதத்துக்கு எதிரே அடர்த்தியைப் புள்ளி வைத்துக் கோடு போடுங்கள். பாகத்துக்கான அழுத்தத்தைத் தேர்வு செய்ய இந்தக் கோடு உதவும். எட்டு டன்னில் அழுத்திய வில்லையை உடைத்து, உடைந்த முகத்தைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உருண்டை வடிவங்கள் இன்னும் தெரிந்தால் குருணை உடையவில்லை, பிரச்சினை டன்னில் இல்லை, பைண்டரில். அதே பவுடரின் ஒரு பகுதியை ஈரமான அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் இதையே திரும்பச் செய்து பாருங்கள். அதே அழுத்தத்தில் உருண்டைகள் மறைந்திருந்தால், அந்தப் பவுடருக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் ஈரம்தான்.